கையெழுத்துக்கு முன்: திருப்பூரும் அந்நியச் செலாவணி ஒப்பந்தங்களும்

திருப்பூரின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் மூன்று பொருள்களைக் கொண்டே அதனை எழுதிச் செல்கின்றனர்: நூல், சாயம், நீர். நூல் அந்த ஊரை வளர்த்தது; சாயம் நொய்யலைக் கெடுத்தது; நீர் இரண்டுக்கும் சாட்சியாக நின்றது. சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை'யும் எம். கோபாலகிருஷ்ணனின் 'மணல் கடிகை'யும் அந்த வரலாற்றைத் தமிழ் நாவலுக்குள் கொண்டுவந்து சேர்த்தன. ஆயின் திருப்பூரின் கதையில் நான்காவதாக ஒரு பொருளும் உண்டு. அது காகிதம். 2007, 2008 ஆகிய இரண்டு ஆண்டுகளில் பின்னலாடை ஏற்றுமதியாளர் பலர் வங்கிகளோடு செய்துகொண்ட அந்நியச் செலாவணி ஒப்பந்தங்களைத்தான் இங்கே காகிதம் என்கிறோம்.

பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் பழையதாகிவிட்ட அந்தக் கதையை இப்போது எடுத்துப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. கைமுதலைப் போலப் பல மடங்கு தொகைக்கு லாப நட்டத்தை ஏற்கும் முதலீடுகளைச் சாதாரண மக்களின் கைக்கு எட்டும்படி விடலாமா, அல்லது அரசின் கட்டுப்பாட்டு அமைப்புகள் குறுக்கே நின்று தடுக்க வேண்டுமா என்ற வினா இன்று உலகெங்கும் எழுந்துள்ளது. இத்தகைய பெருக்கத்தைச் சந்தையில் 'லீவரேஜ்' என்கிறார்கள். நெம்புகோல் கொண்டு பெரும்பாறையை அசைப்பது போன்ற வேலை அது. பாறை எந்தப் பக்கம் உருளும் என்பதை நெம்புகோல் முடிவு செய்வதில்லை. இந்த வினாவுக்கு விடை தேட நியூயார்க்குக்கோ லண்டனுக்கோ போகவேண்டியதில்லை. நம் அருகிலேயே அது ஒருமுறை கேட்கப்பட்டு, மிகுந்த விலை கொடுத்து விடையும் பெறப்பட்டுவிட்டது.

*

முதலில் ஊரைப் பார்ப்போம். உள்நாட்டுச் சந்தைக்கு வெள்ளைப் பனியன் நெய்துகொண்டிருந்த திருப்பூருக்கு, 1970களின் இறுதியில் இத்தாலியிலிருந்து வெரோனா என்னும் கொள்முதலாளர் வந்ததையே ஏற்றுமதி வரலாற்றின் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். 1980களின் நடுவில் ஆண்டுக்குப் பத்துக் கோடி ரூபாய் அளவில் இருந்த ஏற்றுமதி, 2007ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் பத்தாயிரம் கோடி ரூபாய் அளவுக்கு வளர்ந்திருந்தது. 1990இல் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் தோன்றிற்று. 2005 ஜனவரியில் உலக ஆடை வணிகத்தில் நாடுவாரியான ஒதுக்கீட்டு முறை முடிவுக்கு வந்தபோது, இனி எல்லையில்லை என்ற நம்பிக்கையில் புதிய எந்திரங்களும் புதிய கடன்களும் ஊருக்குள் வந்தன. கணியூர் போன்ற ஊர்களின் வீடுகளிலிருந்தும் விடியற்காலையில் பனியன் கம்பெனிக்கு ஆள் கிளம்பும் வாழ்க்கை அந்த வளர்ச்சியின் ஒரு முகம்.

இந்த வளர்ச்சியை ஆராய்ந்த ஷரத் சாரி, 2004இல் வெளியான தம் நூலில், நிலத்திலிருந்து வந்து தொழிலாளராகச் சேர்ந்து பின் முதலாளிகளான கொங்கு வேளாளக் குடும்பங்களின் கதையைச் சொல்கிறார். தம் மூலதனம் எது என்று கேட்டால் அவர்கள் தந்த விடை 'உழைப்பு' என்பதாகவே இருந்தது. அந்த விடையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பெருமிதம் என்பது வேறு ஆராய்ச்சி. நமக்கு இங்கே வேண்டியது ஒன்றே. நிட்டிங், டையிங், பவர் டேபிள், செக்கிங் எனத் தொழிலின் ஒவ்வொரு படியையும் கையால் தொட்டுக் கற்றவர்கள் அவர்கள். துணியைத் தடவிப் பார்த்தே அதன் கனத்தைச் சொல்லிவிடுவார்கள். நூல் விலை ஏறினால் எத்தனை காசு நட்டம் என்பதை மனக்கணக்காகவே போடுவார்கள். கூட்டுப் பங்கு நிறுவனங்களாகவும் தனி உரிமை நிறுவனங்களாகவும் நடந்த அவற்றில் பலவற்றுக்கு, நாணயச் சந்தையின் ஏற்ற இறக்கத்தைக் கவனிக்கவென்று தனி அலுவலர் கிடையாது. அந்த இடத்தில் வங்கியையே நம்பினார்கள். ஆர்டரின் பேரில் பேக்கிங் கிரெடிட் கொடுப்பதும், ஷிப்மென்ட் ஆனபின் பில்லை வாங்கிக்கொள்வதும் அதே வங்கிதான். அந்த வங்கியே வீடு தேடி வந்து ஒரு யோசனை சொன்னால், அதனை விற்பனை என்று கருதாமல் ஆலோசனை என்று கருதுவதே இயல்பு.

*

யோசனை வந்த காலமும் அப்படிப்பட்டது. 2007ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 44 ரூபாய்க்கு மேல் இருந்த டாலர், அந்த ஆண்டு முடிவதற்குள் 40 ரூபாய்க்கும் கீழே இறங்கிவிட்டது. டாலரில் விலை பேசி, ரூபாயில் கூலியும் நூல் விலையும் கொடுப்பவருக்கு இது எத்தகைய அடி என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஐந்து விழுக்காடு லாபத்தில் ஓடும் தொழிலில் பத்து விழுக்காடு வருமானம் உட்கார்ந்த இடத்திலேயே கரைந்துபோயிற்று.

இதற்குப் பழைய மருந்து ஒன்று உண்டு. ஆறு மாதம் கழித்து வரப்போகும் டாலரை இன்றே ஒரு விலை பேசி வங்கிக்கு விற்றுவைப்பது. இதனை 'பார்வர்டு' ஒப்பந்தம் என்பர். இதில் மர்மம் ஏதும் இல்லை; அறுவடைக்கு முன்பே நெல்லுக்கு விலை பேசுவது போன்றதுதான். டாலர் விழுந்தால் காப்பு, ஏறினால் அந்த ஏற்றத்தின் பயன் கிடைக்காது, அவ்வளவே.

ஆனால் அன்று பலருக்கும் விற்கப்பட்டது இந்தப் பழைய மருந்து அன்று. டாலருக்கும் ஸ்விஸ் பிராங்குக்கும், டாலருக்கும் ஜப்பானிய யென்னுக்கும் இடையிலான விலையின் மேல் கட்டப்பட்ட சிக்கலான விருப்ப ஒப்பந்தங்கள் அவை. டெரிவேட்டிவ் என்ற சொல்லே அப்போதுதான் திருப்பூர்த் தேநீர்க் கடைகளுக்கு வந்து சேர்ந்தது. அதன் இயக்கத்தை விளக்க நாமே ஓர் எடுத்துக்காட்டை அமைத்துக்கொள்வோம். இது யாருடைய ஒப்பந்தமும் அன்று. ஆனால் அந்த வகை ஒப்பந்தங்களின் எலும்புக்கூடு இதுதான்.

ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர், அன்றைய கணக்கில் சுமார் நான்கு கோடி ரூபாய், ஏற்றுமதி செய்யும் ஒருவர் இருக்கிறார். ஒரு டாலருக்கு 1.20 பிராங்குக்குச் சற்று மேல் விலை நிலவும் 2007ஆம் ஆண்டின் நடுவில், வங்கி அவருக்கு 20,000 டாலர் தருகிறது. அவர் கையிலிருந்து ஒரு காசும் கொடுக்க வேண்டாம். அடுத்த ஓராண்டுக்குள் டாலரின் விலை 1.10 பிராங்கைத் தொடவே இல்லையெனில் அந்த 20,000 டாலரும் அவருக்கே. ஒருமுறை தொட்டுவிட்டாலோ, தவணை நாளில் அவர் 20 லட்சம் டாலரை, ஒவ்வொன்றுக்கும் 1.20 பிராங்க் கொடுத்து வாங்கவேண்டும்.

தவணை நாளில் ஒரு டாலர் ஒரு பிராங்குக்கு வந்து நிற்கிறது என்று கொள்வோம். ஒவ்வொரு டாலருக்கும் 0.20 பிராங்க் நட்டம். 20 லட்சம் டாலருக்கு நான்கு லட்சம் பிராங்க். அந்த விலையில் அது நான்கு லட்சம் டாலர். நம் பணத்தில் ஒரு கோடியே அறுபது லட்சம் ரூபாய். கிடைத்திருக்கக்கூடிய லாபம் எட்டு லட்சம். வந்து சேர்ந்த நட்டம் அதைப்போல் இருபது மடங்கு. ஓராண்டு முழுதும் அனுப்பிய சரக்கின் மதிப்பில் ஐந்தில் இரண்டு பங்கு போயிற்று. டாலர் இன்னும் இறங்கினால் நட்டமும் இன்னும் இறங்கும். அதற்கு அடித்தளமே இல்லை.

இங்கே கவனிக்கவேண்டியவை இரண்டு. ஒன்று, அந்த ஏற்றுமதியாளரின் தொழிலுக்கும் ஸ்விஸ் பிராங்குக்கும் எந்த உறவும் இல்லை. அவர் அஞ்சியது ரூபாய்க்கு எதிராக டாலர் விழுவதை. அவர் தலையில் ஏற்றப்பட்டதோ பிராங்குக்கு எதிராக டாலர் விழுவதன் சுமை. மழைக்குக் குடை கேட்டவருக்கு வெள்ளத்துக்கான பொறுப்பை எழுதிக் கொடுத்தது போலாயிற்று. இரண்டு, 'செலவே இல்லாத' ஒப்பந்தம் என்பது அதன் பெரிய கவர்ச்சி. காப்பீடு எடுப்பவர் பிரீமியம் கட்டுவார். பிரீமியம் கட்டாமல், மாறாகக் கைக்குப் பணம் வருகிறதென்றால், அவர் காப்பீடு எடுக்கவில்லை. பிறருக்குக் காப்பீடு விற்றிருக்கிறார் என்பதே பொருள். கையில் வந்த 20,000 டாலர் அவர் ஏற்றுக்கொண்ட ஆபத்தின் விலை. அந்த விலை சரியானதுதானா என்று கணக்கிடும் கருவி விற்றவரிடம் இருந்தது, வாங்கியவரிடம் இல்லை.

2008 மார்ச்சில் டாலர் ஒரு பிராங்குக்கும் கீழே இறங்கிற்று.

*

திருக்குறளின் பொருட்பாலில் 'கள்ளுண்ணாமை'க்கும் 'மருந்து'க்கும் இடையே 'சூது' என்ற அதிகாரம் அமைந்திருக்கிறது. வள்ளுவர் அங்கே தோல்வியை மட்டும் கண்டிக்கவில்லை. வெற்றியையே முதலில் ஐயுறுகிறார். அதன் நுட்பத்தை இத்தகைய ஒப்பந்தங்களின் அமைப்பு நன்றாக விளக்குகிறது. எல்லைக்கோட்டைச் சந்தை தொடாத காலம் வரையில் ஒவ்வொரு காகிதமும் பணம் கொடுக்கும். ஒருமுறை கொடுத்தது அடுத்த கையெழுத்துக்கு நம்பிக்கை தரும். பக்கத்துக் கம்பெனிக்கும் செய்தி போகும். ஆபத்து நிகழாதிருக்கும் நாள்களை ஆபத்தே இல்லை என்பதற்குச் சான்றாகக் காட்டுவதே இத்தகைய பொருள்களின் இயல்பு.

அது சூதா, வாணிபமா என்ற கேள்வி நீதிமன்றத்திலும் எழுந்தது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 30ஆம் பிரிவில், பந்தயமாக அமையும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. நட்டமடைந்தவர்கள் பலரும் பற்றிக்கொண்ட கொம்பு அதுவே. அவற்றுள் பெயர்பெற்ற வழக்கு, கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட ராஜஸ்ரீ சுகர்ஸ் நிறுவனம் ஆக்சிஸ் வங்கிக்கு எதிராகச் சென்னை உயர்நீதிமன்றத்தில் தொடுத்தது. 2007 ஜூனில் செய்துகொண்ட டாலர்–பிராங்க் ஒப்பந்தம் ஒன்று பந்தயத்தின் தன்மையது, பொதுநெறிக்கு முரணானது என்பது அதன் வாதம். 2008 அக்டோபரில் நீதிபதி வெ. இராமசுப்பிரமணியன் அந்த வாதத்தை ஏற்க மறுத்தார். ஒப்பந்தம் சூது அன்று. சட்டத்துக்கு உட்பட்டதே என்பது அவர் கண்ட முடிவு. பின்னாளில் உச்சநீதிமன்ற நீதிபதியான இவரே தினமணியில் 'சொல்வேட்டை' என்ற தொடரை நடத்தி, ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் தேடியவர் என்பது இலக்கிய வாசகர் பலருக்கும் நினைவிருக்கும்.

தீர்ப்பை நாம் குறை சொல்லவில்லை. கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை, நட்டம் வந்தபின் சூது என்று சொல்லி உதறிவிட முடியுமானால் எந்த வணிகமும் நடவாது. ஆனால் இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. நீதிமன்றம் கையெழுத்துக்குப் பின்னால் வரும் இடம். அது காகிதத்தில் எழுதியிருப்பதைப் படிக்கும். அந்தக் காகிதமோ, பன்னாட்டு அமைப்பு ஒன்று வகுத்த ஆங்கில மாதிரி ஒப்பந்தத்தைத் தழுவியது. ஆபத்துகளைத் தாமே ஆராய்ந்து அறிந்துகொண்டதாகவும், எதிர்த்தரப்பின் ஆலோசனையை நம்பி ஒப்பவில்லை என்றும் வாங்குபவர் உறுதி கூறுவது அத்தகைய ஒப்பந்தங்களில் வழக்கமான வாசகம். அப்படியானால், ஆலோசனை என்று நம்பி வாங்கியவர் ஆலோசனையே பெறவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வாங்கியிருக்கிறார். அந்த வாசகத்தின் மேல் ஒரு கையெழுத்து விழுந்தபின் நீதி செய்யக்கூடியது மிகக் குறைவே.

ஆகவே கேள்வி கையெழுத்துக்கு முந்தைய இடத்துக்கு நகர்கிறது. அங்கே நிற்கவேண்டியவர் யார்?

*

நின்றிருக்க வேண்டியது ரிசர்வ் வங்கி. அது விதி ஏதும் வகுக்காமல் இருக்கவில்லை என்பதுதான் இந்த வரலாற்றின் கசப்பான பகுதி. 2007 ஏப்ரல் 20 அன்றே டெரிவேட்டிவ் பற்றிய விரிவான வழிகாட்டு நெறிகளை அது வெளியிட்டது. விற்கப்படும் பொருள் வாங்குபவருக்கு ஏற்றதா, தக்கதா என்று ஆராயும் பொறுப்பு விற்கும் வங்கியையே சாரும் என்பது அந்நெறி. ஆக, டாலர் சரியத் தொடங்கிய அதே பருவத்தில் விதி கையில் இருந்தது. ஆனால் அதைப் பயன்படுத்தித் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் யாருக்கு விற்பனையால் வருமானம் வருமோ அவருக்கே தரப்பட்டிருந்தது.

ஏற்றுமதியாளர்கள் ஒன்றுகூடி முறையிட்டனர். வழக்குகள் பல மன்றங்களில் நடந்தன. 2011 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி 19 வங்கிகள் மீது அபராதம் விதித்தது. வாங்குவோருக்கு ஏற்றதா என்று ஆராயாமை, அடிப்படையான ஏற்றுமதி இறக்குமதி உள்ளதா என்று சரிபார்க்காமை முதலியன குற்றங்களாகக் கூறப்பட்டன. அபராதம் ஒரு வங்கிக்கு 15 லட்சம் ரூபாயைத் தாண்டவில்லை. நம் எடுத்துக்காட்டில் வரும் ஒரே ஒரு சிறு ஏற்றுமதியாளரின் நட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாத தொகை அது. விதி மீறப்பட்டது என்பதற்கு அரசு முத்திரை கிடைத்தது. இழந்தவருக்கு அதனால் கிடைத்தது ஏதுமில்லை.

இதே காலத்தில் தென்கொரியாவில் நடந்ததை இங்கே ஒப்புநோக்கலாம். அங்கும் சிறு, நடுத்தர ஏற்றுமதியாளர்களுக்கு 'கிகோ' என்ற பெயரில் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒப்பந்தங்கள் விற்கப்பட்டன. 2008இல் கொரிய நாணயம் சரிந்தபோது அவர்கள் வீழ்ந்தனர். 2013இல் அந்நாட்டு உச்சநீதிமன்றமும் ஒப்பந்தங்களின் அமைப்பு நியாயமற்றதன்று என்றே சொல்லிற்று. 2019 டிசம்பரில்தான் நிதிக் கண்காணிப்பு அமைப்பு நான்கு நிறுவனங்களின் முறையீட்டில், நட்டத்தில் 15 முதல் 41 விழுக்காடு வரை வங்கிகள் ஈடுசெய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. பதினோராண்டு கழித்து வந்த பரிந்துரை அது. இரு நாடுகள், இரு மொழிகள், இரு சட்ட மரபுகள். ஆயினும் முடிவு ஒன்றே: பின்னால் வரும் பரிகாரம் மெல்ல நடக்கிறது, சிறிதளவே கொண்டுவருகிறது.

நம் நாட்டில் முன்னால் நிற்கும் விதி படிப்படியாக வந்தது. 2010 டிசம்பரில் ரிசர்வ் வங்கி புதிய நெறிகளை வெளியிட்டு, சிக்கலான ஒப்பந்தங்களை யார் செய்யலாம் என்பதை இறுக்கியது. 2020இல் அந்நியச் செலாவணிக் காப்பு விதிகளைத் திருத்தியபோது வாங்குவோரைச் சில்லறைப் பயனர், சில்லறையல்லாத பயனர் என இரண்டாகப் பிரித்தது. சில்லறைப் பயனருக்கு எந்தெந்த எளிய ஒப்பந்தங்களை விற்கலாம் என்று பட்டியலே கொடுத்துவிட்டது. 'ஏற்றதா என்று பார்த்து விற்க' என்ற அறிவுரைக்கும் 'இவற்றை மட்டும் விற்க' என்ற பட்டியலுக்கும் உள்ள தூரத்தைக் கடக்க 13 ஆண்டுகள் ஆயின. அந்தத் தூரத்துக்குள் எத்தனையோ பவர் டேபிள்கள் நின்றுபோயின என்பதே நமது வருத்தம்.

*

தடை கூடாது என்போரின் வாதங்களையும் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். அவற்றுள் வலுவானவை மூன்று.

முதலாவது, வயதுவந்த மனிதரின் பணத்தை அவர் விருப்பப்படி செலவழிக்க விடாமல் தடுக்க அரசு யார் என்பது. 'உழைப்பே மூலதனம்' என்று நிமிர்ந்து நின்ற ஊரில் இந்த வாதத்துக்குத் தனி மதிப்பு உண்டு. கடன் வாங்கி எந்திரம் போட்டபோதும் அவர்கள் ஆபத்தைத்தான் ஏற்றார்கள். அன்று யாராவது தடுத்திருந்தால் திருப்பூரே இல்லை. உண்மை. ஆனால் எந்திரத்தின் ஆபத்து அவர்கள் அறிந்த ஆபத்து. அதன் விலையும் வேகமும் பழுதும் வாங்குபவருக்கும் தெரியும், விற்பவருக்கும் தெரியும். இங்கே பேசப்படும் பொருளிலோ அறிவு ஒரு பக்கமே குவிந்திருக்கிறது. விருப்பத்துக்கு மதிப்பளிப்பது என்றால் தெரிந்து தேரும் விருப்பத்துக்கு மதிப்பளிப்பது என்றே பொருள்.

இரண்டாவது, சொத்து அளவை வைத்து வாசலை மூடுவது அநீதி என்பது. பணமுள்ளவருக்கு மட்டுமே அறிவுண்டா என்ற இந்தக் கேள்வியை நாமும் ஏற்கிறோம். மேலே சொன்ன சர்க்கரை நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. கணக்காயர்களும் அலுவலர்களும் உடையது. அதுவே தன் ஒப்பந்தத்தை எதிர்த்து வழக்காடும் நிலைக்கு வந்ததென்றால், சொத்து அறிவுக்கு அளவுகோல் ஆகாது என்பது தெளிவு. சொத்து காட்டுவது, விழுந்தால் எழும் வலிமையை மட்டுமே. ஆகவே கட்டுப்பாட்டை ஆளின் மேல் மட்டும் வைக்காமல் பொருளின் மேலும் வைக்க வேண்டும்.

மூன்றாவது வாதம் நம் ஊர்க் கதையிலிருந்தே வருவது. முறையான வாசலை மூடினால் மக்கள் முறையற்ற வாசலுக்குப் போவார்கள் என்பது. 2008–2009 காலத்தில், அதே திருப்பூரில், அந்நியச் செலாவணி வணிகத்தில் பெருலாபம் ஈட்டித் தருவதாகச் சொல்லிப் பாசி ஃபாரெக்ஸ் டிரேடிங் என்ற நிறுவனம் மக்களிடம் சுமார் 930 கோடி ரூபாய் திரட்டிற்று. மத்தியப் புலனாய்வுத் துறை விசாரித்த அவ்வழக்கில், 2022 ஆகஸ்டில் கோவைச் சிறப்பு நீதிமன்றம் இயக்குநர்கள் இருவருக்குத் தலா 27 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. ஏற்றுமதியாளரை வங்கி ஒப்பந்தம் வீழ்த்திய அதே ஆண்டுகளில், ஏற்றுமதியோடு தொடர்பே இல்லாதவர்களை 'ஃபாரெக்ஸ்' என்ற சொல் வீழ்த்தியிருக்கிறது. ஆனால் இந்த நிகழ்ச்சி தடைக்கு எதிரான சான்றாகுமா? முறையான வாசல் அன்று அகலத் திறந்தே இருந்தது; அப்போதும் மோசடி வந்தது. வாசலைத் திறந்து வைப்பது மோசடிக்கு மருந்தாகாது. மோசடிக்கு மருந்து விரைந்த காவலும் விரைந்த தண்டனையும்; பதின்மூன்று ஆண்டு கழித்து வரும் தண்டனை அன்று.

*

இனி இன்றைய நிலைக்கு வருவோம். அன்று வங்கி அலுவலர் தேடி வரவேண்டியிருந்தது. இன்று கைப்பேசி போதும். பங்குச் சந்தையின் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகத்தில் 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்களுள் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்தனர் என்றும், அவர்கள் இழந்த மொத்தத் தொகை 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்றும் செபியின் 2024 செப்டம்பர் ஆய்வு கூறிற்று. அடுத்த மாதமே ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச மதிப்பை 15 லட்சம் ரூபாயாக உயர்த்தியும், வாராந்திர ஒப்பந்தங்களைக் குறைத்தும் செபி ஆணையிட்டது. எனினும் 2024–25ஆம் நிதியாண்டிலும் தனிநபர்களில் 91 விழுக்காட்டினர் இழந்தே இருந்தனர். அந்த ஓராண்டின் இழப்பு மட்டும் ஒரு லட்சத்து ஐயாயிரம் கோடி ரூபாய்க்கு மேல். வாசலைச் சற்றே உயர்த்துவதால் மட்டும் வீடு பாதுகாப்பாகிவிடுவதில்லை.

லீவரேஜ் உடைய முதலீட்டு நிதிகளின் கதை இதிலிருந்து சற்று வேறுபட்டது. அமெரிக்காவில் விற்கப்படும் இவை, ஒரு குறியீட்டின் அன்றாட ஏற்ற இறக்கத்தை இரு மடங்காகவோ மும்மடங்காகவோ தர முயல்பவை. இவற்றில் ஒளிந்திருக்கும் கணக்கு எளியது. குறியீடு 100இலிருந்து 90க்கு விழுந்து, மறுநாள் மீண்டும் 100க்கு ஏறுகிறது. சாதாரண நிதியில் நட்டமில்லை. இரு மடங்கு நிதியோ முதல் நாள் 80க்கு விழும். மறுநாள் குறியீடு 11.1 விழுக்காடு ஏறும்போது இது 22.2 விழுக்காடு ஏறி 97.8இல் நின்றுவிடும். சந்தை பழைய இடத்துக்கு வந்துவிட்டது; பணம் வரவில்லை. ஊசலாட்டம் நீள நீள இந்தத் தேய்மானமும் வளரும். 2018 பிப்ரவரி 5 அன்று, சந்தை அமைதியாக இருக்கும் என்பதன் மேல் கட்டப்பட்ட எக்ஸ்.ஐ.வி. என்ற முதலீட்டுப் பத்திரம் ஒரே நாளில் தன் மதிப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இழந்தது. கிகோவில் அடிபட்ட தென்கொரியா, 2020இல் இத்தகைய நிதிகளை வாங்கும் தனிநபர் முன்கூட்டியே பாடம் கேட்டிருக்க வேண்டும் என்றும், குறைந்தபட்ச வைப்புத்தொகை வைத்திருக்க வேண்டும் என்றும் விதித்தது.

நம் நாட்டில் பரஸ்பர நிதிகள் தற்காலிகத் தேவைகளுக்கே, அதுவும் வரம்புக்குட்பட்டே, கடன் வாங்கலாம். லீவரேஜ் கொள்ள அனுமதி பெற்ற மாற்று முதலீட்டு நிதிகளில் சேரக் குறைந்தது ஒரு கோடி ரூபாய் வேண்டும். 2025 ஏப்ரல் முதல், இரண்டுக்கும் இடையே, குறைந்தது பத்து லட்சம் ரூபாயில் சேரும் சிறப்பு முதலீட்டு நிதி என்ற புதிய படியும் வந்துவிட்டது. படிகள் இறங்கிக்கொண்டே வருகின்றன. எங்கே நிற்பது என்பதை முடிவு செய்யவேண்டிய நேரம் இதுவே.

திருப்பூரின் காகிதக் கதையிலிருந்து நாம் பெறும் விடை இது. பொருள்களை மூவகையாகப் பிரிக்க வேண்டும். தொழிலில் உண்மையாகவே உள்ள ஆபத்துக்குக் காப்பாகும் எளிய ஒப்பந்தங்களைச் சிறியவருக்கும் தடையின்றி, குறைந்த செலவில், அவர்கள் மொழியில் கிடைக்கச் செய்ய வேண்டும். இவற்றைத் தடுப்பது கொடுமை. போட்ட பணத்தோடு இழப்பு நின்றுவிடும் லீவரேஜ் நிதிகளை, அவற்றின் தேய்மானக் கணக்கைப் புரிந்துகொண்டதற்குச் சான்று காட்டியபின் ஓர் அளவுக்குள் அனுமதிக்கலாம். இழந்தாலும் வீடும் எந்திரமும் மிஞ்சும். போட்டதற்கு மேலும் இழக்கவைக்கும் பொருள்களைச் சிறு முதலீட்டாளருக்கும் சிறு தொழில்முனைவோருக்கும் விற்கவே கூடாது. அவர் கேட்டாலும் கூடாது. ஆபத்தை அறிவேன் என்று எழுதிக் கொடுத்தாலும் கூடாது. அந்த எழுத்தின் மதிப்பு என்னவென்று 2008இல் பார்த்துவிட்டோம். விதி மீறி விற்றவர் கட்டும் தொகை வாங்கியவரின் இழப்போடு பொருந்தி இருக்க வேண்டும். அது அரசுக் கருவூலத்துக்குப் போகாமல் இழந்தவரிடம் போய்ச் சேரவும் வேண்டும்.

இதனைச் சிறியவரின் அறிவை இழிவுபடுத்துவதாகக் கொள்ளவேண்டியதில்லை. துணியைத் தொட்டு அதன் கனத்தைச் சொல்லும் அறிவு எளிய அறிவன்று. ஆனால் ஸ்விஸ் பிராங்கைத் தொட்டுப் பார்த்து அதன் கனத்தைச் சொல்ல எவராலும் ஆகாது. விற்றவருக்குக் கணக்குக் கருவி இருந்தது, வாங்கியவருக்கு நம்பிக்கை மட்டுமே இருந்தது. கருவிக்கும் நம்பிக்கைக்கும் இடையே, கையெழுத்து விழுவதற்கு முன்பாக, ஒருவர் நிற்க வேண்டும். அரசு என்று ஒன்றை நாம் வைத்துக்கொண்டிருப்பது அதற்காகவும்தான்.